நான்கு கட்டத்திலும் டிக்

மரக்காணம்,
19.1.2005

செல்ல மகள் மேரிசெல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை உப்புப் பாத்தியிலிருந்து வாரிக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் உப்பெடுக்கப் பங்குனி ஆகிவிடும். நீ வேளைக்குச் சாப்பிடு.

ஒரு தப்பு பண்ணிவிட்டேன். கோபப்படாமல் படி.

சுனாமிக்கு அப்புறம் இங்கே நிரப்பிக்கொடுக்கச் சொல்லித் தினம் ஒரு பாரம் வருகிறது. வீடு போச்சா, வலை போச்சா, ஆடு போச்சா என்று கட்டம் கட்டமாக இருக்கும். நிவாரணத்துக்கு வந்த கௌதமன், "எல்லாத்துலயும் டிக் போட்டுடுங்க, ஒண்ணு வுட்டுட்டா அதுக்கு எதுவும் வராது" என்று சொல்லிக்கொடுத்தான். அதுவே பழகிவிட்டது.

போன வாரம் உன் நர்சிங் ஹாஸ்டலிலிருந்து இங்கிலீஷில் ஒரு பாரம் வந்தது. பீஸ் குறைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான்கு கட்டத்திலும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். நேற்று அதன் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து விஜயலட்சுமி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுனாமியன்று நீ வார்டனிடம் சொல்லாமல் சுவர் ஏறிக் குதித்து இங்கே ஓடிவந்தாயே, அதற்கு விசாரணையாம். நீ செய்தது எந்தக் குற்றம் என்று அப்பனையே கேட்டிருக்கிறார்கள். குற்றம் பெரிதென்றால் படிப்பையே நிறுத்திவிடுவார்களாம்.

முதல் கட்டம் டிஸ்ஒபீடியன்ஸ். சொன்ன பேச்சைக் கேட்காதது. அது சரிதான், கைக்குழந்தையிலிருந்தே நீ அப்படித்தான். இரண்டாவது இன்சபார்டினேஷன். மேலே இருப்பவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று நிற்பது. நீதான் வார்டன் முகத்தையே பார்க்காமல் ஓடிவந்தவளாயிற்றே. மூன்றாவது ரெபெல்லியன். ஆள் சேர்த்துக்கொண்டு கலகம் பண்ணுவதாம். நீ தனியாக லாரி பிடித்து வந்தாய். நான்காவது லாலெஸ்னெஸ். சட்டமாவது ஒன்றாவது என்று திரிவது. பெற்ற மகளை ரவுடி என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நானும் வருகிறேன். முதல் டிக்கை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு அவர்கள் முன்னாலேயே கையெழுத்துப் போடுகிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுவேன். நீ மட்டும் வாய் கொடுத்துவிடாதே.

அன்றைக்கு ரோட்டோரம் எங்களைக் கண்டதும் நீ அழுதாய். நான், "உன்ன யாரு இங்க வரச் சொன்னது" என்று கத்தினேன். எனக்கு வேறு பேச்சு வரவில்லையம்மா. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதே எனக்கு உறைத்தது.

அதனால் சுவர் ஏறியதற்கு மன்னிப்புக் கேள். வந்ததற்குக் கேட்காதே.

மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அப்பா,
அந்தோணிசாமி