ஊசி போட்ட பிள்ளைக்கு வந்த அம்மை

மே 1989, வியாழன் இரவு

வருஷம் போகப் போக தட்டம்மை ஊசியின் பலம் குறையும் என்று நான் போட்ட கணக்கை எங்கள் தடுப்பூசித் திட்ட டாக்டர் நம்பவில்லை. இன்று அவரைச் சோரியாங்குப்பத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்று வருஷம் முன்பு ஊசி போட்ட பிள்ளை, உடம்பெல்லாம் தட்டம்மை. நிலைப்படியில் வேப்பிலை. மனுஷன் உள்ளே கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "வேர்க்குருப்பா. உன் கிராஃப்ல ஊசியோட பலம் எறங்க வேணாம், கோடு நேராவே இருக்கட்டும்" என்றார்.

"ஆத்தாவைப் போய் வேர்க்குருன்றீங்களே, இன்னா சார்?" என்றாள் தாய்.

திரும்பும்போது பாகூர் ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவினார். சட்டையையும் மாற்றினார். "வூட்ல பையன் இருக்கான். ஊசி போட்டாச்சு, இருந்தாலும்..." என்று இழுத்தார்.

அந்த மாற்றுச் சட்டையைக் காலையில் கிளம்பும்போதே பையில் எடுத்து வைத்திருக்கிறார்.