துள்ளியவள் இறங்குவதற்குள்

ரூ காய் தெருவில் தலைமயிர் வெட்டப் போயிருந்தேன். சலூன் சுவரிலிருந்த தொலைக்காட்சியில் அந்தக் கரப்பந்தாட்டப் பெண்கள். எண்பதுகளில் நாம் பார்த்த அதே ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அப்போது லா சப்பலில் நாம் ஆறு பேர் படுத்த அறை. மத்தியானம் உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து, பின்னேர வேலைக்குப் போகுமுன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் அந்தத் தொடர் போகும். நடைபாதையில் யாரோ எறிந்த தொலைக்காட்சியை நீதான் தூக்கி வந்தாய். எனக்கு அந்தத் தொடர் ஒரே அரியண்டம். பந்தை அடிக்க ஒருத்தி துள்ளுவாள், அன்றைக்கு இறங்கமாட்டாள். பாதி நேரம் முதல் நாள் கதையே திரும்ப ஓடும். சனக்கூட்டத்தை ஒருமுறை படமாகக் கீறிவிட்டு எல்லா ஆட்டத்துக்கும் அதையே ஒட்டியிருப்பார்கள். முகம் மரக்கட்டையாக நிற்க, வாய் மட்டும் அசையும். கீறப் பஞ்சிப்பட்ட சோம்பேறிகளின் வேலை என்று திட்டுவேன். ஊரில் கரப்பந்தாட்டம் ஆடிய நீயோ கண்ணை எடுக்காமல் பார்ப்பாய்.

"துள்ளி மேலை நிக்கேக்கை அப்பிடித்தான் மச்சான். நேரம் நகராது," என்றாய் ஒருநாள். விசர்க்கதை என்று நினைத்தேன்.

பிறகு உன் அகதி விண்ணப்பத்துக்கு, ஊரில் நடந்ததைக் கேஸாக எழுத வேண்டி வந்தது. அறையில் பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தவன் நான். ஆமி உன் தம்பியைப் பிடித்துப்போன அந்த அரை மணி நேரத்தை நீ இரண்டு நாளாகச் சொன்னாய். கிணற்றடி வாழைகளுக்குள் கிடந்து நீ பார்த்தது. அவனைச் சட்டை போடச் சொன்னார்களாம். ஒரு பொத்தான் பிசகிவிட, கழற்றித் திரும்பவும் பூட்டினானாம். வாசல் படலைவரை போனவன், உன்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று வாழைப்பக்கம் பாராமலே நின்றானாம். நான் பேனையை வைத்தேன்.

"இழுக்காதை. இதென்ன கார்ட்டூனே?"

நான்கு வரியில் எழுதி முடித்தேன்.

மறுப்புக் கடிதம் வந்தது. விவரம் போதாது, நேரில் கண்டவர் சொன்னதுபோல் இல்லை என்று இருந்தது. அதை உனக்கு வாசித்துக் காட்டியவனும் நான்தான். நீ ஏசவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாய். மேன்முறையீடும் சரிவரவில்லை. மாரி தொடங்குமுன் ஜெர்மனிக்குப் போய்விட்டாய். போன மாதம் அங்கிருந்து உன் சாவுச் செய்தி வந்தது.

அந்தத் தொடர் மட்டமான வேலைதான். இன்றைக்கும் அதை வெறுக்கிறேன். ஆனால் அதைவிட எனக்கு அருவருப்புத் தருவது என் நான்கு வரி. உன் தம்பி இல்லை, இப்போது நீயும் இல்லை. நீ கண்ட அந்த அரை மணி நேரத்தை முழுதாகக் கேட்டு வைத்திருப்பவன், இழுவை என்று அதை வெட்டிய நான் ஒருவன்தான்.