பலகையில் முதல் பெயர்

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

என் கணவரின் பெயரை முதலில் எழுதச் சொல்லி நான் கிளப்பில் போய்ச் சண்டை போட்டதாக உங்கள் காதுக்கு வந்திருக்கும். சண்டை போட்டது உண்மை. எழுதச் சொல்லி அல்ல, எழுதக் கூடாது என்று. மேஜையைத் தட்டினேன் என்பதும் பொய். குடையை மேஜைமேல் வைத்தேன். சற்றுச் சத்தமாக வைத்திருக்கலாம்.

நம் குத்துச்சண்டை கிளப்புக்கு இது ஐம்பதாவது ஆண்டு. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் தலைசிறந்தவர்கள் ஐந்து பேரின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டப் போகிறார்கள். மற்றப் பிரிவுகள் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. அறுபது கிலோ மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில், அந்தச் சண்டைகளை நேரில் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்று என்னையும் கூப்பிட்டார்கள். கிளப் இன்னும் அதே சைக்கிள் கிடங்குக்கு மேல்தான் இருக்கிறது. படி ஏறும்போதே டயர் ரப்பரும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. மேலே போனால் நீங்களும் இவரும் கயிறு தாண்டிக்கொண்டிருப்பீர்கள் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன். என் முழங்கால்தான் உண்மையைச் சொன்னது.

மணியடிப்பவரை நினைவிருக்கிறதா? உற்சாகத்தில் ரவுண்டு முடியும் முன்பே மணியை அடித்துவிடுவாரே, அவரேதான். “கோப்பையை எண்ணுங்க, முடிஞ்சுது கதை” என்றார். இப்போதைய பயிற்சியாளர் நல்ல பிள்ளை, ஆனால் உங்கள் காலத்தில் பிறக்காதவர். “எத்தனை பேரை ஜெயிச்சாங்கன்னு இல்லண்ணே, யாரை ஜெயிச்சாங்கன்னு பார்க்கணும்” என்றார். ஓய்வுபெற்ற நடுவரோ பேக்கரிக்காரரைத்தான் முதலில் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். “தோத்ததே இல்லய்யா அந்த ஆளு!” என்றார். உங்களோடு மோத வேண்டிய நாளிலெல்லாம் பேக்கரிக்காரருக்கு வயிற்றுவலி வந்ததே, மோதாதவர் எப்படித் தோற்பார் என்று கேட்டேன். “அம்மா வந்துட்டாங்க, இனி அளந்துதான் பேசணும்” என்று மணியடிப்பவர் சிரித்தார். பேக்கரிக்காரர் நான்காம் இடத்துக்கு இறங்கினார்.

மிஞ்சியது இவரும், இடக்கைக்காரரான நீங்களும். “வாட்ச்காரருக்கு ரெண்டு, நொட்டாங்கைக்கு ஒண்ணு. அப்புறம் என்ன பேச்சு?” என்றார் மணியடிப்பவர். இந்த இடத்தில்தான் குடையை வைத்தேன்.

எங்கள் கான்வென்ட்டில் கணக்குப் பாடம் எடுத்த சிஸ்டர், விடை தப்பானால் விடையை மட்டும் திருத்த விடமாட்டார். முதல் வரியிலிருந்து போட வேண்டும். நானும் முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். முதல் சண்டையில் நீங்கள் வென்றீர்கள். உங்கள் இடக்கை இவருடைய கண்ணை அப்படி மூடிவிட்டது, ஒரு வாரம் பூதக்கண்ணாடியை மற்றக் கண்ணில் வைத்து வாட்ச் ரிப்பேர் செய்தார். அந்த வாரம் பழுது பார்த்ததெல்லாம் மறுபடி பழுதாகித் திரும்பி வந்தது. இரண்டாவது சண்டையில் இவர் வென்றார். அன்று மாலை நீங்கள் நம் வீட்டு நாற்காலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க அண்ணி, உயிர் போகுது” என்றீர்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இவர் எதிரே உட்கார்ந்து, எந்தக் குத்து எங்கே விழுந்தது என்று உங்களிடமே விளக்கிக்கொண்டிருந்தார். நம் வீடு அவ்வளவு நிறைந்திருந்த மாலை அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

மூன்றாவது சண்டை நடக்கவே இல்லை. நடக்காததை இவருடைய வெற்றி என்று எண்ணுகிறார்கள். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். ஏட்டுக்கு என்ன தெரியும், அது தராசுக்குப் பக்கத்தில் நிற்கவில்லையே.

தம்பி, அதற்கு முந்தின நாள் நீங்கள் கடைக்கு வந்து உங்கள் வாட்சை வாங்கிப் போனீர்கள். கொளுத்தும் வெயிலில் இவர் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்சை உங்கள் உள்ளங்கையில் வைத்தபோது இவருடைய விரல் பட்டிருக்கும். அந்த விரல் எப்படிக் கொதித்தது என்பது எனக்குத் தெரியும், இரவெல்லாம் ஈரத்துணி போட்டவள் நான். போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “ஜுரம்னு சொல்லிப் பின்வாங்கினா பேக்கரிக்காரன் கூட்டத்துல சேர்த்துடுவாங்க” என்றார்.

மறுநாள் காலை, பார்சல் ஆபீஸிலிருந்து இரவல் வாங்கிய அந்தத் தராசில் நீங்கள் முக்கால் கிலோ கூடுதலாக நின்றீர்கள். குறைப்பதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடினால் கரைகிற எடைதான் அது. எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவீர்களே தவிர, ஒரு வாய் விழுங்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் அன்று பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தீர்களாம். “ஓடலையாடா?” என்று இவர் கேட்டதற்கு, “கால் வலிக்குதுண்ணே” என்றீர்களாம். எடை தப்பினால் சண்டை கிடையாது என்று கோப்பையை இவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வருடமே நீங்கள் கப்பல் வேலைக்குப் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு இவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. போன வருடம் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது, ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, “அவன் வெயிட் தப்புற ஆளே இல்ல” என்றார். நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். “நேரா கேட்டிருக்கணும். கேட்டா அவன் என்ன சொல்லுவானோன்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு கஞ்சியில் உப்பு இல்லை என்றார். இருந்தது.

பயிற்சியாளர் உங்களுக்குப் போன் செய்தபோது, “அண்ணன் பேரையே மேலே எழுதுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல” என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டு எல்லோருக்கும் கண் கலங்கியது. எனக்குக் கோபம் வந்தது. தனியாக இருக்கிறாளே என்று எனக்கு நீங்கள் ஆப்பிள் வாங்கி அனுப்பலாம், முதலிடம் வாங்கி அனுப்பக் கூடாது. அவர் தம் கையால் வாங்காத எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இல்லை. அந்தக் கோப்பை ஒன்றைத் தவிர. அதையும் அவர் கடையில்தான் வைத்திருந்தார், வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

பலகைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. மூன்று, நான்கு, ஐந்து எழுதியாகிவிட்டது. மேலே இரண்டு வரியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். பெயின்டர் மாதக் கடைசி வரை பொறுப்பார், அதற்கு மேல் பொறுக்கமாட்டாராம். அன்று உண்மையிலேயே உங்கள் எடை கூடியிருந்தால் அப்படியே சொல்லுங்கள். அவர் முதலில் இருக்கட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். வேண்டுமென்றே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தராசில் ஏறினீர்கள் என்றால், உங்கள் பெயர் மேலே, அவர் பெயர் அதற்கு அடுத்து. அதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. அந்த இடத்தில் அவர் நிம்மதியாக இருப்பார். நானும் உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அதை எப்படிச் சொல்வதென்று இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

குளிர் நாட்டில் இருக்கிறீர்கள், நெஞ்சை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும். அந்த நாட்களைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை.

போன் செய்யாதீர்கள். போனில் என் மனம் நோகாதபடி எதையாவது சொல்லிவிடுவீர்கள். அன்று காலை என்ன நடந்தது என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணி