அரை சைக்கிள்

2 ஜூலை 2007, திங்கள்

உறுதியானது: என் மனைவி பைரோஜாவின் இடது காலில் உணர்வு இருக்கிறது, வலு இல்லை. சொன்னவர் பிசியோதெரபிஸ்ட் ஸ்ரீமதி, இன்று காலை எங்கள் வீட்டில், பைரோஜாவையும் என்னையும் வைத்துக்கொண்டு.

பக்கவாதம் வந்து ஐந்து வாரம். அது வந்த மூன்று மாதத்துக்குள் தொடை ஒருமுறையாவது தானாகத் தள்ள வேண்டும் என்கிறார். இல்லையென்றால் நடப்பது கஷ்டம்.

"கஷ்டம்னா எம்புட்டு கஷ்டம்?" என்று கேட்டாள் பைரோஜா.

"சக்கர நாற்காலிக்குப் பழகிக்கணும்மா."

தினமும் காலைச் சுழற்றிவிட மிதி இயந்திரம் ஒன்று வேண்டும். மதுரையில் விற்கிறார்கள். அந்த விலை நம்மால் ஆகாது.

எனக்கு வருத்தம் வரவில்லை. வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மிளகாய் வத்தல் விலைச் செய்தியை எழுதிப் பத்திரிகைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன்.

5 ஜூலை

சைக்கிள் கடை சுடலையைப் பார்த்தேன். என் யோசனையைச் சொன்னேன்: பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள் ஒன்றை எடுத்து முன்பாதியை அறுத்துவிடலாம். பெடல், செயின், பின்சக்கரம் போதும். பைரோஜா நாற்காலியில் உட்கார்ந்து மிதிப்பாள். எதிரே நான் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றுவேன்.

சுடலை சிரித்தார். "அது ஆகாது பாய். எறக்கத்துல மிதிக்காமத்தான போறீக? சக்கரம் பாட்டுக்குச் சுத்தும், பெடல் நிக்கும். பின்சக்கரத்துப் பல்லு, அந்த ஃப்ரீவீலு, ஒரு பக்கந்தான் கேக்கும். காலு தள்ளுனா சக்கரத்துக்குத் தெரியணும், சக்கரம் சுத்துனா காலுக்கும் தெரியணும்னா, அத வெல்டிங் வச்சு இறுக்கிரணும். சர்க்கஸ்காரன் சைக்கிள் மாதிரி."

11 ஜூலை

செய்தி வேலையாகச் சிவகாசி போனபோது ஃப்ரீவீலைப் பையில் எடுத்துப் போனேன். வெல்டிங் பட்டறைக்காரர் செல்லச்சாமி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"பின்னால பட்டாசு குடோன் சார். சீசன் முடியுற வரைக்கும் எங்கடையில பொறி பறக்காது. அப்புறம் நீங்களே எழுதுவீக, வெல்டிங் பொறியால விபத்துன்னு. தீவாளி கழிச்சு வாங்க."

அவர் சொல்வது சரி. தீபாவளி நவம்பரில். என் கெடு ஆகஸ்ட் கடைசி.

14 ஜூலை

ஆலங்குளத்தில், சிமென்ட் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள்.

15 ஜூலை, ஞாயிறு

சுடலை கொண்டுவந்து மாட்டினார். அடியில் ஆங்கிள் இரும்பு வைத்திருப்பதால் ஆடவில்லை. பழைய கைலியைக் கிழித்து அவள் பாதங்களைப் பெடலோடு கட்டினேன்.

"நிக்காஹ் ஆன நாள்லயிருந்து என்னைய ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போகல. இப்ப அரை சைக்கிள்ல ஒக்கார வச்சு ஒரே எடத்துல சுத்த விடுறீக."

சுடலை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சக்கரத்தைச் சுற்றினேன். இரண்டு கால்களும் சுற்றின.

16 ஜூலை

வெல்டிங் விட்டுவிட்டது. அவளுடைய வலது கால் கட்டை உதறிக்கொண்டு எழுந்து பெடலில் இடித்துக்கொண்டது. இடது கால் தொங்கியது.

சுடலை கழற்றிப் பார்த்தார். உள்ளே கிரீஸ். என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அவரே வைத்தது.

"கைக்கு வந்த சாமானுக்கு கிரீஸ் வைக்காம இருக்க முடியல பாய். பழக்கம். கிரீஸ் மேல எங்கன பத்தவைப்பு பிடிக்கும்? என்னைய ஏசுங்க."

ஏச வரவில்லை.

24 ஜூலை

மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, மறுபடி ஆலங்குளம். இந்த முறை பிடித்துக்கொண்டது.

2 ஆகஸ்ட்

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி. மருந்து கலக்கும் அறை. இறந்தவர் இருவர், இருவரும் பெண்கள். ஒருவர் வெள்ளைத்தாய், மற்றவர் முத்துப்பேச்சி. பெயர்களை உறவினரிடமும் போலீஸிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்தேன். ஒரு செருப்பு அடுத்த காட்டில் கிடந்தது. அதை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பைரோஜா சொன்னாள்:

"மெதுவா. என் காலு என்ன பண்ணுச்சு?"

வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அவள் காலுக்குத் தெரிந்திருக்கிறது.

9 ஆகஸ்ட்

மாற்றம் இல்லை.

15 ஆகஸ்ட்

மாற்றம் இல்லை. ஸ்ரீமதி சக்கர நாற்காலிக்கு அளவு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று. எதற்கும் என்றால் — சரி.

19 ஆகஸ்ட், ஞாயிறு

மாலையில் அசர் தொழுதுவிட்டு வந்தேன். "வலது கால அவுத்து விடுங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அவுத்து விடுங்கன்னா விடுங்களேன்."

அவிழ்த்து, அந்தக் காலைத் தரையில் வைத்தேன். சக்கரத்தை நான் சுற்றவில்லை. உள்ளங்கையை டயர்மேல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

டயர் கையைத் தள்ளியது.

இடது கால் மேலே இருந்தது. காலின் கனத்தாலும் பெடல் இறங்கியிருக்கலாம். எனவே இடது பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கே கனம் எதையும் நகர்த்தாது. "இன்னொருக்கா" என்றேன். அவள் பல்லைக் கடித்தாள், நெற்றி வேர்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டயர் மறுபடி கையைத் தள்ளியது. ஒரு விரல் அகலம் இருக்கும். நின்றது.

"நாந்தான் தள்ளுனேன். எழுதிக்கோங்க."

"சம்பந்தப்பட்டவுக சொல்றத மட்டும் வச்சு எழுத முடியாது."

"அப்ப ஒங்க கை?"

"அதுவும் சம்பந்தப்பட்டதுதான்."

"அடப் போங்க, பேப்பர்காரரே" என்று சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். டம்ளர் முழுக்க என் கையிலிருந்த டயர்க் கறுப்பு.

சக்கர நாற்காலிக்கு இன்னும் அளவு எடுக்கவில்லை. கால் தள்ளியது உண்மைதானா என்பதை ஸ்ரீமதி பார்த்துச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வருகிறார். அதுவரை நிலுவை.