மிதவையைச் சுற்றிப் போகும் மீன்கள்

மார்ச் 15

காசு கொடுத்து வருபவர்கள் உட்கார்ந்து மீன்பிடிக்கும் என் மிதவையை இழுத்துப்போய் அணைக்குக் கீழே பழைய இடத்தில் நங்கூரம் போட்டாயிற்று. அடுப்பு வேலை செய்கிறது. காபி இயந்திரம் வேலை செய்கிறது. படகோட்டி கென்னியின் வாய் வழக்கம்போல் வேலை செய்கிறது. மீன்தான் வேலைக்கு வரவில்லை.

மார்ச் 18

மிதவைக்கு வருபவர்கள் படகைக் கூப்பிடக் கரையில் தூக்கும் வெள்ளைப் பலகை இரண்டே தடவைதான் ஏறியது. முன்பெல்லாம் மார்ச் மாதத்தில் கென்னி ஓர் ஆளை ஏற்றிவந்து இறக்குவதற்குள் அடுத்தவன் பலகையைத் தூக்கியிருப்பான். சரக்கு ரயில் வழியை மறித்தால் அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்று திட்டுவார்கள். இன்று ரயில்தான் வந்தது.

எதிரே மினசோட்டா கரையோரம் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே வால்ஐ மீன் விழுகிறது. எங்களுக்கு நாள் முழுக்க மூன்று, அதுவும் விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. போன வருடமும் இப்படித்தான். தண்ணீர் குளிர்ச்சி, நிலவு சரியில்லை என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். இந்த வருடம் ஆட்டுவதாக இல்லை.

மார்ச் 21

மீன்வளத் துறையிலிருந்து கோரின் வந்தாள். அவர்கள் போன இலையுதிர் காலத்தில் கொஞ்சம் வால்ஐகளின் வயிற்றில் ரேடியோ வைத்துத் தைத்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள். முட்டையிட மேலே ஏறி வரும் மீன் அணையில் முட்டி நிற்கும். நிற்பதற்கு முன் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கிறார்களாம். முட்டையும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வதக்கி ஒரு தட்டு வைத்தேன். பேச்சு தானாக வந்தது.

"அக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சாப்பாட்டுக்குக் காசு குடுத்துட்டே. என்ன வேணா சொல்லு."

"எல்லா மீனும் நம்ம கரையோரமாத்தான் மேலே வருது. உங்க மிதவைக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிக்குது. அப்புறம் ஆத்தைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கமா அணைக்குப் போயிடுது. உங்களைச் சுத்திக்கிட்டுப் போகுது."

கென்னி சொன்னான்: "மீனுக்குக்கூட அக்கா சமையல் தெரிஞ்சுபோச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. கடை வைத்திருப்பவளுக்கு இதைவிட என்ன தகவல் வேண்டும்? வாடிக்கையாளர் வாசல்வரை வந்து, உள்ளே பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போகிறார். அப்படியானால் வாசலில் ஏதோ இருக்கிறது.

மார்ச் 23

நீளக் கழியை எடுத்து மிதவையைச் சுற்றிக் குத்திப் பார்த்தேன். மீன் தங்கும் இந்த ஆழக் குழிக்காகத்தான் இந்த மிதவையை வாங்கினேன். முட்டை வண்டி ஓட்டிச் சேர்த்த பணம் அத்தனையும் இதில் போட்டேன். அப்போது கழி முழுதும் இறங்கியும் தரை தட்டவில்லை. இன்று என் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இறங்கியது, நின்றது.

மணல்.

அதற்கடியில் ஏதோ நறநற என்றது. தூண்டிலில் கனமான கொக்கியை மாட்டி இழுத்தேன். கருத்துப்போன தேவதாருக் கிளை வந்தது. அதில் ஒரு வெள்ளி ஜிகினா இழை, இன்னும் மின்னிக்கொண்டு.

கிறிஸ்துமஸ் மரங்கள். நாங்கள் போட்டவைதான். பதினைந்து வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும், காங்கிரீட் கட்டியைக் கம்பியால் கட்டி, பீர் குடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு. பழைய வாடிக்கையாளர் நார்பர்ட் சொல்லித்தான் ஆரம்பித்தோம். அவருடைய ஏரிக்கரை வீட்டுப் பக்கம் தண்ணீரில் மரம் போட்டால் மீன் வந்து அடையுமாம். ஏரியில் வரும். இது ஆறு. ஓடும் தண்ணீரில் கிளையைப் போட்டால் அது மணலைத்தான் பிடிக்கும். இது கூடவா தெரியாது எனக்கு? தெரியும். யோசிக்கவில்லை. நல்ல கொண்டாட்டமாக இருந்தது, கூட்டமும் வந்தது.

மார்ச் 24

மிதவையை நகர்த்த அணைக்காரர்கள் விடமாட்டார்கள். கேட்டுவிட்டேன்.

கோரினுக்கும் போன் செய்தேன். மரம் போட்டதற்கு முதலில் திட்டினாள், வாங்கிக்கொண்டேன். பிறகு சொன்னாள்: வடக்கே பனி உருகிய தண்ணீர் ஏப்ரல் நடுவில் வந்து சேரும், மதகுகளை எல்லாம் தூக்கிவிடுவார்கள். அதற்குள் மரங்களை எடுத்துவிட்டால் வெள்ளமே மணலை அரித்துக்கொண்டு போய்விடும். எடுக்காவிட்டால் இன்னும் கொண்டுவந்து கொட்டும்.

சரி. எடுக்கவேண்டியதுதான்.

மார்ச் 26

நார்பர்ட்டிடம் நானே சொன்னேன். மற்றவர் வாயால் அவர் கேட்கக் கூடாது. கீழ்முனை மூலையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தூண்டில் நுனியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"லவோன், அங்கே அர்லீனோட மரம் இருக்கு."

"தெரியும்."

அவர் மனைவி கடைசியாக அலங்கரித்த மரம். அந்த ஜனவரியில் அவளை அடக்கம் செய்தோம். ஏப்ரலில் மரத்தை அவரே தண்ணீரில் தள்ளினார். அன்று மட்டும் யாரும் பாடவில்லை.

"தெரிஞ்சும் கொக்கியைப் போடுவியா?"

"போடுவேன். போடலைன்னா உங்களுக்கு வந்து உட்கார அடுத்த வருஷம் மிதவையே இருக்காது."

"மிதவை இல்லைன்னா நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"நான் செத்துடுவேன்."

தூண்டிலைச் சுருட்டினார். பெட்டியை மூடினார். "இனிமே அந்தப் பலகையை நான் தூக்க மாட்டேன்" என்றார். கென்னி அவரைக் கரையில் விட்டு வந்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லையாம். கென்னியும் பேசவில்லையாம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 2

கனம் இழுக்கும் வின்ச் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தட்டைப் படகில் பொருத்தினோம். முதல் மரமே கயிற்றை அறுத்தது. இரும்புக் கம்பி மாற்றினோம்.

ஏப்ரல் 4

கை கிழிந்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு மதியமே திரும்பிவிட்டேன். கென்னி: "அக்கா, அந்த மரத்துக்கு உங்க மேலே கோவம். சும்மா விடுங்க, மிச்சத்தை வெள்ளம் பாத்துக்கும்." வெள்ளம் யாருக்கும் வேலை செய்து தராது. ஒன்றுவிடாமல் எடுக்கவேண்டும்.

மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. கறுத்த முதுகெலும்பு மாதிரி. ஒவ்வொன்று மேலே வரும்போதும் பார்க்கிறேன். எதைத் தேடுகிறேன்?

ஏப்ரல் 8

கொக்கி இப்போது எதிலும் மாட்டவில்லை. கரையில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மரங்களைக் குவித்து வைத்திருக்கிறோம். காய்ந்ததும் எரித்துவிடலாம்.

ஏப்ரல் 10

குவியலின் ஓரத்தில் ஒரு மரம் குறைகிறது. இழுத்துப் போன தடம் தண்டவாளம் வரை இருக்கிறது. அதற்கப்பால் வண்டிச் சக்கரத் தடம்.

கென்னி கேட்டான், "யாரு எடுத்திருப்பா?" எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

ஏப்ரல் 13

மதகுகள் எல்லாம் மேலே. மிதவையைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆறு கோபத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 9

வெள்ளம் வடிந்து மிதவை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கழியை இறக்கினேன். முழுதும் போயிற்று. என் முழங்கை நனைந்தது. தரை தட்டவில்லை.

அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன்.

ஜூலை 19

கோடையில் எப்போதும் மந்தம்தான். கெளுத்திக்கு வருபவர்கள் வருகிறார்கள். நார்பர்ட்டின் மூலையை வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். காலி இடம் எனக்குச் சோறு போடாது. கொடுக்கிறேன், ஆனால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அக்டோபர் 17

காலையில் மூடுபனி. கரையே தெரியவில்லை. கோரின் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டாள்: குளிர்காலத்துக்கு மேலே ஏறும் ரேடியோ மீன்கள் இந்த முறை குறுக்கே போகவில்லை, நேராக வந்து உங்களுக்கடியில் நிற்கின்றன. அவள் சொல்லாமலே தெரிந்தது. நேற்று முன்னிரவில் விளக்கைத் தண்ணீர்மேல் அடித்தேன்; கீழே மீன்களின் கண்கள் பூனைக்கண்களாகப் பளபளத்தன.

பனி கொஞ்சம் விலகியதும் பலகை ஏறியிருந்தது. கென்னி போனான். படகில் ஒரே ஆள். தொப்பியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மூலையில் அயோவாக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாள் முழுக்கக் காபி இலவசம் என்று சொல்லி நகர்த்தினேன். நார்பர்ட் உட்கார்ந்தார், தூண்டிலைப் போட்டார். நான் தட்டை வைத்தேன்.

"ஒரு மரம் குறைஞ்சுது" என்றேன்.

"உன் கண்ணுக்குத் தப்புமா?"

"எது அர்லீனோடதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலை. கைக்கு வந்த ஒண்ணை எடுத்துக்கிட்டேன்." முட்டையை வாயில் வைத்தார். "உப்பு அதிகம்."

தூண்டில் நுனி வளைந்தது. அவர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.