பத்து வார்த்தைகளில் நான்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைத்ததல்ல, முழுக்க என் கை. மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்துகள் முதுகு வளைந்து நின்றால் சிரிக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி தவிர குறையில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் ஞாபக சோதனை செய்து முப்பதுக்குப் பதினெட்டு என்று போட்டார்களே, அன்றிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்று தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள், இனி தனியாக விடமாட்டேன் என்றாய். நான் போனிலேயே கத்திவிட்டேன். தப்புதான். ஆனால் அந்த ஒரு மார்க்கை வைத்து முடிவு செய்யாதே பாப்பா. போன வாரம் இன்னொரு இடத்துக்குப் போய் வந்தேன்.

கதவில் 'உளவியலாளர்' என்று எழுதியிருந்தது. அத்தனை நீளச் சொல்லை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். ஊசி இல்லை, மிஷின் இல்லை. ஒரு மேசை, பென்சில், ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான்.

முதலில் சோதனையே வைக்கவில்லை. தூக்கம், காது, மாத்திரை, படிப்பு என்று கேட்டுக்கொண்டே போனார். "பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லம்மா. அம்பது வருசம் கொத்தனார் வேலை. எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு ஒரு வருசந்தான் ஆகுது" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இதை அங்க யாராவது கேட்டாங்களா ஐயா?" யாரும் கேட்கவில்லை. என் வயதும் படிப்பும் உள்ளவர்கள் எவ்வளவு எடுப்பார்கள் என்று பார்த்து, அதோடுதான் என்னை ஒப்பிட வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய சோதனைத் தாளையும் பார்த்தார். ஐந்து மூலைக் கட்டங்கள் இரண்டைப் பார்த்து வரைவதில் எனக்கு சைபர். ஏன் இப்படி வரைந்தீர்கள் என்று கேட்டார். "ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சும்மா. அப்படிக் கட்டினா சுவர் நிக்குமா? அதான் பிரிச்சுத் தள்ளி வச்சேன்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். தப்பான விடைக்கு இத்தனை மரியாதை கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை.

வண்ணக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். நான் முடித்த வேகத்தில் வாட்சை இரண்டு தரம் பார்த்தார்! தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்த சுவரை நாங்கள் ரசமட்டம் வைத்தும் பார்ப்போம், ஒரே அளவை நம்பமாட்டோம். கையில் பிடிக்க முடியாத மனசையும் ஒருவர் அப்படிப் பல பக்கம் வைத்து அளப்பதைப் பார்த்து அசந்துபோனேன்.

உன் அம்மா போன பிறகு யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் வாட்சை அமுக்காமல் காத்திருந்தார். துக்கமும் ஞாபகத்தை விழுங்குமாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பத்து வார்த்தைகள் சொல்லி, அரை மணி கழித்துக் கேட்டார். நான்குதான் வந்தன. மீதி போன இடம் தெரியவில்லை. "இது உங்க வயசுக்கும் கொஞ்சம் கம்மிதான் ஐயா. ஆனா ஒரு நாள் பாத்துட்டு இதுதான்னு பேர் வைக்கமாட்டேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் கேட்க வேண்டுமாம். "உங்க மகள்கிட்ட பேசலாமா?" என்றார். என்னைப் பற்றிப் பேச என்னிடமே அனுமதி! சரி என்றேன். அடுத்த வாரம் உனக்குப் போன் வரும். பால் பொங்கிக் கருகியதைச் சொல். உன் சின்னவளை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொல். அப்பா பாவம் என்று ஒன்றையும் குறைக்காதே, பயத்தில் கூட்டவும் செய்யாதே. ஆறு மாதத்தில் அளவு எதைக் காட்டுகிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன், வா என்றால் மறுபேச்சில்லாமல் வருகிறேன். அதுவரை வீட்டுச் சாவி என்னிடமே இருக்கட்டும்.

நீ நூறு வருசம் குறையில்லாமல் வாழ வேண்டும். உன் முடிவைப் போனில் சொல்லாதே, கடிதமாக எழுது பாப்பா. போனில் கேட்டது சில நாள் தங்குவதில்லை. எழுத்தாக இருந்தால் மறுபடி மறுபடி படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா