ஏழு கல் மேடு

2023 செப்டம்பர் 10, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். அச்சகம் மூடியிருந்தும் கஸ்பர் அண்ணன் மூன்று கல்யாணப் பத்திரிகைகளின் புரூஃபை நேற்றே கையில் திணித்து அனுப்பிவிட்டார். முதலாளி என்றால் அவர்தான், ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டுவைக்க மாட்டார். ஒன்றில் மணமகளின் தகப்பனார் பெயரே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. நான் ஒருவன் இல்லாவிட்டால் ஹட்டனில் பாதிப் பேர் தகப்பன் இல்லாமல்தான் கல்யாணம் பண்ணியிருப்பார்கள்.

பிறகு பேஸ்புக்கில் என் 'ஹட்டன் நேற்று' பக்கத்தைத் திறந்து கருக்காமலைத் தோட்டத்து ஏழு கல் மேட்டின் படத்தைப் போட்டேன். 'கன்னிமார் காவல் இருக்கும் மேட்டில் நாற்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு.' மத்தியானத்துக்குள் முந்நூறு லைக்.

பூரணி போன் பண்ணினாள். என் தங்கை, அந்தத் தோட்டத்தில்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். வீட்டுப் பட்டியலை ஒட்டிவிட்டார்களாம், பதினாலாவது பெயர் அவளுடையது. "குசினி ஜன்னல் கிழக்கால வைக்கணும் அண்ணே, நிஷாந்திக்குத் தனியா ஒரு அறை" என்று அரை மணி நேரம் பேச்சு. "எல்லாம் உன் புத்தகத்தாலதான்" என்றாள்.

பொய்யில்லை. ஆறு வருடத்துக்கு முன் நான் போட்ட சிறு புத்தகத்தில், அந்த மேட்டில் எங்கள் ஆட்களின் பழைய லயம், ஒற்றை அறைக் காம்பராக்களின் வரிசை, இருந்தது என்று அஸ்திவாரக் கல்லின் படத்தோடு எழுதியிருந்தேன். தோட்டத்து ஆட்கள் வீடு கேட்டுக் கொடுத்த மனுவோடு அந்தப் பக்கத்தைத்தான் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் இருந்த இடம், எங்களுக்கே கொடுங்கள் என்று. கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் 22 அடிக்கல் நடுகிறார்கள். எனக்கு மேடையில் பொன்னாடையாம். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

செப்டம்பர் 12

படத்தின் கீழே ஒரு பின்னூட்டம். தமிழ்நாட்டில் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார்: 'எங்க அத்தை கருக்காமலையில பிறந்தவங்க. அது கன்னிமார் இல்லைன்னு சொல்றாங்க. உங்ககிட்ட பேசணுமாம்.'

எரிச்சலாக வந்தது. இருபது வருடமாக இந்த மலைகளை அலசுகிறவன் நான். எங்கோ இருந்துகொண்டு கன்னிமார் இல்லையாம். நம்பரை அனுப்பச் சொன்னேன், நாகரிகத்துக்காக.

செப்டம்பர் 13

பேசினேன். பெயர் சண்முகவடிவு, வயது எண்பத்திரண்டு. குரல் கணீரென்று இருக்கிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் குடும்பத்தோடு போனவர். சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"நான் வயசுக்கு வந்து ரெண்டு மாசம்ப்பா. ஐப்பசி மழை. காலையில எல்லாரும் பெரட்டுக்குப் போயிட்டாங்க, பேர் குடுக்க. திரும்பிப் பாத்தா லயத்துல கடைசி நாலு காம்பராவக் காணோம். மேலருந்து மண்ணு வழிச்சிக்கிட்டுப் போயிருச்சு. ஏழு பேரு. ஒருத்தரையும் எடுக்க முடியல. தொரை லயத்த அந்தப் பக்கம் மாத்திட்டு மேல தேயிலைய நட்டுட்டான். நாங்கதான் ஆளுக்கு ஒரு கல்லு நட்டோம். அந்த மலையில கொழுந்து பறிக்க நிறை எடுக்கறப்ப மொதப் பிடி அவுங்களுக்கு."

இன்றைக்கும் அந்த மலையில் பெண்கள் முதல் பிடி கொழுந்தைக் கல்லில் வைத்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். விவரம் தெரிந்த குடும்பங்களெல்லாம் இந்தியாவுக்குப் போய்விட்டன. மிஞ்சியவர்களிடம் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நான் கற்களை எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஏழு என்றால் கன்னிமார். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, சனி

ஒரு கிழவியின் ஞாபகத்தை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது. சரி. பழைய செக்ரோல், வேலைக்கு வந்தவர் பெயரைத் தினமும் குறிக்கும் பெரிய புத்தகம், அதன் படங்கள் என் கணினியில் எட்டு வருடமாக இருக்கின்றன. கிழவிக்கு அப்போது பதினாலு வயது இருக்கும் என்று கணக்குப் போட்டு 1955 ஐப்பசியைத் தேடினேன். அந்த மேட்டு லயத்தில் ஒரே தேதியில் நான்கு பெயர்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. படத்தின் கீழே என் கையாலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: 'வேறு தோட்டத்துக்குப் போனவர்கள்.'

யார் சொன்னார்கள் எனக்கு, போனார்கள் என்று?

நாலுதானே, ஏழு இல்லையே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு உறைத்தது. பிள்ளைகளுக்கு ஏது செக்ரோல்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வருடம் இடம் பார்க்க வந்த அதிகாரியின் படிவத்தில் ஒரு கேள்வி: இந்த இடத்தில் முன்னர் மண்சரிவு நடந்ததாகத் தெரியுமா? "ஊர்ச் சரித்திரம் தெரிஞ்சவர் நம்ம விஜிதரன்தான்" என்று தோட்டத் தலைவர் என்னை முன்னால் தள்ளினார். நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'தெரியாது' என்றுகூட எழுதவில்லை. 'இல்லை' என்று எழுதினேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

டிக்கோயா பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத்துக்கு நடந்து, தலைவர் யோகேஸ்வரனைப் பார்த்தேன். இந்த மனுவுக்காகப் பதினொரு வருடம் நடந்த மனுஷன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அறுபத்தெட்டு வருசமா அசையாத மண்ணு தம்பி. வீடு கட்டப் போறோம்னதும் அசையுமா?"

அதிகாரிகளிடம் சொல்லித் திரும்பப் பார்க்கச் சொல்லலாமே என்றேன்.

"திரும்பப் பாக்கற கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஃபைல் உள்ள போச்சுன்னா வெளிய வராது. லயத்துல கூரை பறந்து எத்தன வருசம் ஆச்சு? அப்ப எந்த அதிகாரி வந்து பாத்தான்? அடிக்கல்லு நட்டுறட்டும். அப்புறமா பேசுவோம்."

அவர் சொன்னதில் எது பொய்?

செப்டம்பர் 24, ஞாயிறு

பூரணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதா? யாரோ சொல்லித் தெரிவதைவிட நான் சொல்வது மேல் என்று நினைத்தேன்.

மச்சான் முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பூரணிதான் பேசினாள். "இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு? நீதானே? இப்ப இருக்குன்னு சொல்லவும் நீதான் வருவியா?" அவள் பின்னால் கயிற்றில் ஒரு சேலை தொங்குகிறது. பத்தொன்பது வயது மகள் நிஷாந்தி அதற்குப் பின்னால்தான் உடுப்பு மாற்றுகிறாள். "இவளக் கட்டிக் குடுத்து அனுப்புற வரைக்கும் இந்த ஒத்தக் காம்பராதானா? ஹட்டன்ல மேல் மாடியில இருந்துக்கிட்டு உனக்கு மண்ணப் பத்திக் கவல. போண்ணே."

வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 3

படிவத்தில் நான் எழுதியது தவறு என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆறு நாளாகச் சட்டையை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைக்கிறேன்.

அக்டோபர் 9

பிரதேச செயலகம் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். கோழை.

அக்டோபர் 11

கோத்தகிரிக்குப் போன் பண்ணினேன். எதற்கென்று இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. கிழவி தடுமாற வேண்டும், வேறு தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அந்த ஆசையில்தான். "ஏழு பேரும் யார் யாரும்மா?" என்று பொலிஸ்காரன் மாதிரி கேட்டேன்.

ஒவ்வொருவராகச் சொன்னார். காய்ச்சலில் படுத்திருந்த காளிமுத்து, அவர் பெண்சாதி வெள்ளையம்மாள், கால் முறிந்து கிடந்த சின்னக்கருப்பன். நாலாவது, பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அன்னம். நான்கும் செக்ரோலில் இருக்கிற அதே பெயர்கள். படத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு பிள்ளைகள்: முனியாண்டி, ராக்கு.

"ஏழாவது?"

"அது அன்னத்துப் புள்ள. பேர் வைக்கலப்பா. பதினோரு நாளுதான் ஆயிருந்துச்சு. அன்னம் என் கூடப்பொறந்த அக்கா."

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

கொடுத்துவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களப் பெண் அதிகாரி. என் கடிதத்தைப் படித்தார், எழுந்து போய் ஃபைலைக் கொண்டுவந்தார், பழைய படிவத்தையும் என் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையெழுத்தும் உங்களுடையதா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓவ், மகே தமய்" என்றேன். ஆமாம், என்னுடையதுதான்.

ஏளனமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேதி முத்திரையைக் குத்திப் பிரதியை என் கையில் தந்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 17

அடிக்கல் விழா நிறுத்தம். இடத்தைத் திரும்பச் சோதிக்கும்வரை எதுவும் நடக்காதாம்.

தலைவர் போன் பண்ணினார். திட்டவில்லை. "நல்லா இருங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். திட்டியிருக்கலாம்.

என் பேஸ்புக் பக்கத்தில் நூற்றுக்கு மேல் பின்னூட்டம். தோட்டக் கொம்பனிக்காரனிடம் வாங்கித் தின்றவன், தங்கச்சி குடும்பத்தையே கெடுத்தவன். எழுத்துப் பிழைகள் வேறு. திருத்தத் தோன்றியது, இந்த நிலைமையிலும். பூரணி என் நம்பரைத் தடுத்துவிட்டாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

அச்சக வாசலில் ஓர் உரப்பை கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். என் புத்தகம். இருபத்து மூன்று பிரதிகள். லயம் லயமாக வீட்டுக்கு ஒன்று என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தவை. சிலதில் அடுப்புக் கரி, ஒன்றில் யாரோ ஒரு பிள்ளை படம் வரைந்திருக்கிறது. யார் கொண்டுவந்து போட்டது என்று கேட்கவில்லை. முடிச்சு முத்துலிங்கம் மச்சான் போடுகிற முடிச்சு.

நவம்பர் 12, தீபாவளி

பூரணி வீட்டில் கூப்பிடவில்லை. கஸ்பர் அண்ணன் வீட்டிலிருந்து சோறு வந்தது. "அவங்க கோபம் நியாயம், நீ செஞ்சதும் நியாயம். சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன்.

நவம்பர் 21

நான்கு நாளாகக் கொட்டுகிறது. நோர்வூட் பக்கம் பாதையில் மண் விழுந்து பஸ் இல்லை. கருக்காமலையில் ஒன்றும் இல்லை. மேடு அப்படியே நிற்கிறது.

விழுந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆள் இல்லாத நேரத்தில், கொஞ்சமாக, நான் சொன்னது சரி என்று தெரிகிற அளவுக்கு. சீ. நான் என்ன மனுஷன்? இதை எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். நாளைக்கு எவனாவது என்னைப் பற்றி எழுதினால் இதையும் சேர்த்து எழுதட்டும்.

டிசம்பர் 19

துளைபோடும் இயந்திரம் வந்து மேட்டில் ஆறு இடத்தில் துளைத்ததாகக் கேள்வி. போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

2024 ஜனவரி 23

முடிவு வந்துவிட்டது. மேற்குப் பக்கம் பாறை, பதினாறு வீடு கட்டலாம். கற்கள் இருக்கிற பக்கம் ஆழம்வரை தளர்ந்த மண், ஒரு வீடும் கூடாது. பதினாறையும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். பூரணிக்கு விழவில்லை.

சரியாகத்தான் சொன்னாய் என்று கஸ்பர் அண்ணன் தோளைத் தட்டினார். இருபத்து நாலு குடும்பம் லயத்தில் இருக்கும்போது இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

பேஸ்புக் பக்கத்தில் ஒரு திருத்தம் போட்டேன். கன்னிமார் என்று எழுதியது என் தவறு. ஆறு பெயர்கள், பிறகு 'அன்னத்தின் பிள்ளை, பதினோரு நாள்.' லைக் கொஞ்சம்தான்.

2024 பெப்ரவரி 18, ஞாயிறு

பூரணி வந்தாள். படியேறி வந்து வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, மெலிந்துவிட்டாள்.

"மிச்சம் இருபத்தி நாலு பேருக்கும் வேற இடம் கேக்கப் போறோம். பழைய தொரை பங்களாவுக்குப் பின்னால ஒரு நிலம் சும்மாதான் கெடக்கு. மனு எழுதணும். தலைவரு வேற ஆளப் பாக்கலாம்னாரு. பொம்பளைங்க நாங்கதான் உன்கிட்டயே வரணும்னு சொன்னோம்."

உடனே தாளை எடுத்துத் தேதியைப் போட்டேன்.

"பேனாவ வை அண்ணே" என்றாள். "அந்த நிலம் ஏன் இத்தன வருசமா சும்மா கெடக்குன்னு மொதல்ல கேளு. கேட்டுட்டு எழுது."

யாரிடம் கேட்பது என்றேன். பங்களாக்காலத்து ஆட்கள் இங்கே யாரும் இல்லையே.

"அந்தக் கோத்தகிரி அம்மா நம்பர் இருக்குல்ல? போடு. நானும் பேசறேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே மணி அடிக்கத் தொடங்கியது. பூரணி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.